அண்ணனின் நெல்லும் மூன்று செயற்கைக்கோள்களும்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. மோட்டார், கீசர், டிவி, லிஃப்ட் என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சீசன் மாதங்களில் மேலகரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போவது குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் இரண்டும் படி ஏறும்போது சத்தம் போடுகின்றன. அந்த வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை போக மிச்ச நேரத்தில் பத்து வருடமாக நான் செய்துவந்த இன்னொரு காரியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது போன ஆவணியோடு முடிந்துவிட்டது.

அதைத் தொடங்கி வைத்தவர் கொல்லத்திலிருந்து வந்து எங்கள் லாட்ஜில் தங்கியிருந்த ஒருவர். கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனாவைக் குரங்கு ஆட்டிவிட்டுப் போயிருந்தது. அதைத் திருப்பி வைக்க ஏறினால், அவர் இரண்டு அலுமினியக் கம்பிகளை விரித்த கத்தரிக்கோல் மாதிரி ஒரு குச்சியில் கட்டிவைத்து, பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

"சேட்டா, ஒரு நிமிஷம் நில்லு. இப்போ வரும், கேட்டோ" என்றார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து கடிகாரம் ஓடுகிற மாதிரி ஒரு டிக் டக், கூடவே யாரோ மூச்சு விடாமல் விசில் அடிக்கிற மாதிரி ஒரு ஒலி. திரையில் ஒரு கோடு விழுந்தது. அதன் கீழே இன்னொரு கோடு. கோடு கோடாகப் படம் இறங்கியது. குஜராத்தின் மூக்கு தெரிந்தது, கொங்கணக் கரை தெரிந்தது, கடைசியில் இலங்கை. கேரளம் முழுக்க வெள்ளை மேகம்.

"இதை யாரு அனுப்புதா?" என்று கேட்டேன்.

"மேலே போகுந்ந சாட்டிலைட். அமெரிக்காக்காரன்டேது. பூட்டு ஒண்ணும் இல்லா. ஆர்க்கும் எடுக்காம்." யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம்.

இருபது வருடமாக டிஷ்ஷைத் திருப்பியவன் நான். எனக்குத் தெரிந்த செயற்கைக்கோள்கள் எல்லாம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. இது நிற்காமல் துருவத்துக்குத் துருவம் ஓடுவது. நம் தலைக்கு மேல் வந்தால் கால் மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அப்படி மூன்று கோள்கள் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் இரண்டு மூன்று முறை, சாயந்திரம் இரண்டு மூன்று முறை. அவர் ஊருக்குப் போகும்போது கம்பியைக் கட்டும் அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய டிவி ஆன்டெனாக் கம்பியும், லாட்ஜ் வரவேற்பில் கழித்துப்போட்ட லேப்டாப்பும் போதுமானதாக இருந்தன. ஒரு மாதத்துக்குள் என் வீட்டு மாடியிலும் படம் இறங்கியது.

முதல் படத்தை லாட்ஜ் மேனேஜருக்குக் காட்டினேன். அவர் அதைத் தன் தம்பிக்கு அனுப்பினார். அவன் ஒரு குரூப்பில் போட்டான். அதற்குப் பிறகு நான் மழைக்காரன் ஆகிவிட்டேன். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவர்கள், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரிக்காரர்கள், அருவிக்குப் போகும் வழியில் சிப்ஸ் கடை போட்டிருப்பவர்கள், எல்லோரும் போன் பண்ணினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"அண்ணாச்சி, மழை வருமா?"

முதல் இரண்டு வருடம் எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது. கீசர் மாட்டுகிறவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. வானத்தைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். பிறகு மெதுவாக அது பாரமாகியது. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் நான்கு கிலோமீட்டர். அருவியும் என் வீடும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் நிற்பது தெரியும். அது செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலாக வருமா, அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுமா என்பது தெரியாது. மேலிருந்து பார்த்தால் மேகத்தின் முதுகுதான் தெரியும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "சரி அண்ணாச்சி, அதெல்லாம் இருக்கட்டும், வருமா வராதா?" என்பார்கள்.

என்னைவிட ஏழு வயது மூத்தவர் என் அண்ணன். அப்பாவோடு வயலில் நின்றவர் அவர்தான். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டேன். கடையம் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் கார், பிசானம் என்று வருடத்துக்கு இரண்டு பூவும் நெல் போடுகிறார். அவரும் என்னிடம் கேட்பார். மற்றவர்களைப் போலத் துருவித் துருவிக் கேட்க மாட்டார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு "செரி" என்று போனை வைத்துவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார் அறுப்புச் சமயம். காலை ஏழரை மணி இருக்கும். அப்போதுதான் ஒரு படம் இறக்கி முடித்திருந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

"ஏலே, மெஷின் வந்து நிக்கு. இன்னைக்கு அறுக்கலாமா?"

"அறுங்கண்ணே. மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கந்தான் கெடக்கு. நம்ம பக்கம் சுத்தமா இருக்கு."

"சாயந்திரம்?"

"சாயந்திரம் வரைக்கும் ஒண்ணுமில்ல."

அந்தக் கடைசி வார்த்தை படத்தில் இல்லை. என் வாயிலிருந்து வந்தது. வேலைக்கு நேரமாகியிருந்தது. சட்டையில் ஒரு கை மாட்டியிருந்தேன், இன்னொரு கையில் போன். ஏதாவது சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

மதியம் மூன்றாவது மாடியில் ஒரு அறையில் கீசரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இடி கேட்டது. மலைப் பக்கத்திலிருந்து வரவில்லை, கிழக்கிலிருந்து வந்தது. ஜன்னலைத் திறந்தால் கடையம் திசையில் வானம் கரும்பலகை மாதிரி நின்றது. காலையில் அங்கே ஒரு துண்டு மேகம் இல்லை. பகல் வெயிலில் தரை சூடாகி, இரண்டே மணி நேரத்தில் அங்கேயே கட்டிய மேகம் அது. காலைப் படத்துக்கும் சாயந்திரப் படத்துக்கும் நடுவில், எந்தக் கோளும் பார்க்காத நேரத்தில்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். தென்காசி தாண்டும்போதே நனைந்துவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சிமெண்டுக் களத்தில் அண்ணனும் மதினியும் ஆளுக்கொரு விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பரப்பிப் போட்டிருந்த நெல் ஒரு பக்கமாக ஒதுங்கி, சேற்று நிறத்தில் குவிந்து கிடந்தது. நானும் ஒரு விளக்குமாறு எடுத்துத் தள்ள ஆரம்பித்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ கெளம்பு. காலைல வேலைக்குப் போவணும்லா."

மூன்றாம் நாள் நெல் முளை விட்டுவிட்டது என்று வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்பார். அதோடு சரி. மதினி அதுவும் கேட்க மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு யாரிடமாவது பேசுவாள். நான் அதை நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தினமும் காலையில் மாடிக்குப் போய்க் கம்பியைத் திருப்பும்போது, "சாயந்திரம் வரைக்கும் ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்கும்.

மற்றவர்கள் விடவில்லை. "தெரியல, சொல்ல முடியாது" என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். மழை வந்தால் "அண்ணாச்சி அப்பவே சந்தேகப்பட்டார்" என்றார்கள். வராவிட்டால் "அண்ணாச்சி உறுதியாச் சொல்லலியே" என்றார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கோள்கள் ஒவ்வொன்றாக நின்றன. வைகாசி மாதத்தில் ஒன்று பழுதாகி நின்றது. மற்ற இரண்டையும் வயதாகிவிட்டது என்று ஆடி முடிவிலும் ஆவணித் தொடக்கத்திலும் அடுத்தடுத்து அணைத்தார்கள். இப்படிப் படம் பிடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே செய்தி வந்திருந்தது. கடைசியாக அணைந்ததுதான் மூன்றிலும் மூத்தது. இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு மேலே விட்டார்களாம். இருபத்தேழு வருடம் உழைத்திருந்தது.

மறுநாள் காலையிலும் பழக்கத்தில் மாடிக்குப் போனேன். எந்தக் கோள் எப்போது வரும் என்று காட்டும் பக்கத்தில் நேரம் அப்படியே இருந்தது. அந்த நேரத்துக்கு அது வடக்கில் எழுந்து, என் தலைக்கு மேலே போய், தெற்கே இறங்கியது. எனக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. கால் மணி நேரமும் கேட்டுக்கொண்டே நின்றேன்.

என் மனைவி துணி காயப்போட வந்தாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். காலையில் அவளுக்கும் நிற்க நேரமிருக்காது.

"என்ன, இன்னைக்குப் படம் வரலியா?"

"இனிமே வராது. நிறுத்திட்டாவ."

"அப்ப அது கீழ விழுந்துருமா?"

"விழாது. அங்கனயேதான் சுத்தும். நாம போன பொறவும் சுத்தும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் ஒரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். "அப்ப நீங்களாவது கொஞ்சம் உக்காருங்க. பத்து வருசமா இந்தக் கம்பியத் திருப்பிட்டு நிக்கீய."

உட்கார்ந்துதான் படித்தேன். அதற்கு முன் எனக்குப் படம் வந்தால் போதும், வேறெதையும் தேடியதில்லை. வானிலை பார்க்க முதன்முதலில் விட்ட கோள் மூன்று மாதம்கூட வேலை செய்யவில்லையாம். அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அது இன்னும் மேலேதான் சுற்றுகிறது. ஒரு நாடு, ஏவுகணை சரியாகப் போய் அடிக்கிறதா என்று சோதிக்க, வேலை முடிந்த தன் வானிலைக் கோளையே குறிவைத்து அடித்திருக்கிறது. அது ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறி, பல துண்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்குப் படம் அனுப்பிய மூன்றுக்கும் உடன்பிறப்பு மாதிரி இரண்டு கோள்கள் முன்பே ஓய்வு பெற்றவை. அவற்றை யாரும் அடிக்கவில்லை. அணைத்துப் போட்ட பிறகு தாமாகவே உடைந்து சிதறின. இப்போது அதே உயரத்தில் என்னுடைய மூன்றும். புதிதாக விடுகிற கோள்கள் இந்தக் குப்பைக்கு வழிவிட்டு ஒதுங்கி ஓட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். லேப்டாப்பை மூடி பீரோ மேல் வைத்தேன்.

குரூப்பில் "இனிமேல் என்னிடம் படம் கிடையாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறினேன். ஒரு வாரம் சிலர் கூப்பிட்டார்கள். பிறகு நின்றுவிட்டது. நம் நாட்டுக் கோள் எடுக்கும் படம் இப்போது அரை மணிக்கு ஒரு தரம் எல்லார் போனிலும் கிடைக்கிறது. என்னைத் தேட வேண்டிய தேவையே இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் காலை ஏழு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டாவது முறை காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி பிறந்து சில நாள் கழித்து, வேலையில் இருக்கும்போது போன் அடித்தது. அண்ணன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"ஏலே, நம்ம வயல்ல என்னமோ மேலேருந்து விழுந்து கெடக்கு. ஊரே கூடி நிக்கு. வந்து பாத்துட்டுப் போ."

போனேன். விளைந்து தலை சாய்ந்த நெல்லுக்கு நடுவே, வரப்பிலிருந்து பத்தடி தூரத்தில், வெள்ளையாக ஒரு சிறு பெட்டி. ஒரு நீள நூல். நூலின் நுனியில் கிழிந்த ரப்பரும் ஆரஞ்சு நிறத்தில் சுருங்கிய ஒரு சின்ன பாராசூட்டும். வரப்பில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணாச்சி, தொடாதீய!" என்றார் பக்கத்து வயல்காரர். "சாட்டிலைட்டு ஒடைஞ்சு விழுந்திருக்காம். கரண்டு இருக்கும்."

"சாட்டிலைட்டு இப்படி விழாது. வந்தாலும் பாதி வழியிலேயே எரிஞ்சு போவும்." நெல்லை ஒதுக்கிக்கொண்டு போய் அதைக் கையில் எடுத்தேன். தெர்மோகோல் பெட்டி. உள்ளே ஒரு சின்னச் சர்க்யூட்டும் பேட்டரியும். "இது வானிலைக்காரங்க விடுத பலூன். மேல போயி காத்து, சூடு எல்லாம் அளந்து சொல்லும். உயரத்துல வெடிச்சதும் பெட்டி கீழ வந்துரும். மலைக்கு அந்தப் பக்கம் விட்டது காத்துல இங்கன வந்துட்டு."

"அவ்வளவுதானா?" என்றார் ஒருவர், ஏமாற்றத்தோடு. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். பெட்டியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி வரப்பில் வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்லே, இது பலூன்னு" என்றார். "போன வருசமும் கெழக்க ஒண்ணு விழுந்துச்சு."

"பொறவு எதுக்கு என்னக் கூப்பிட்டீய?"

அவர் வரப்பில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடக்க வலித்தது. அவருக்கும் வலித்திருக்க வேண்டும். ஒரு காலை நீட்டியே வைத்திருந்தார்.

"அன்னைக்கு நீ அறுக்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் அறுத்திருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் வயலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"மெஷின்காரன் அன்னைக்கு விட்டா பத்து நாள் கழிச்சுத்தான் வருவேன்னுட்டான். கருதெல்லாம் உதிர ஆரம்பிச்சிட்டு. உன்கிட்ட கேக்கும்போதே அவன் வயல்ல எறங்கிட்டான். உம் மதினி வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. கெழக்க புழுக்கமா இருக்கு, மதியத்துக்கு மேல இடிக்கும்னா. நாந்தான் கேக்கல. எல்லாம் நனைஞ்ச பொறவு, தம்பி சொன்னான், அதான் அறுத்தேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"ரெண்டு வருசமாவா?"

"ஒரு மட்டம் சொன்னா பொறவு மாத்த முடியல. உன் மூஞ்சியப் பாக்கவும் முடியல."

"மதினிக்கு இன்னும் தெரியாதா?"

"போன மாசம் சொல்லிட்டேன். உன் மிஷின் நின்னு போச்சுன்னு யாரோ வந்து சொன்னாவ. நல்லதாப் போச்சு, இன்னொரு குடும்பம் தப்பிச்சுதுன்னு உம் மதினி சொன்னா. என்னால கேட்டுட்டு இருக்க முடியல. சொல்லிட்டேன். ரெண்டு நாள் சோறு மட்டுந்தான் வந்துச்சு. பேச்சு இல்ல."

நான் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம், ஒவ்வொரு நாள் காலையும், நான் சுமந்தது. ஆனால் கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். காலையிலிருந்து இரண்டு மோட்டார் கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தேன். அதோடு, அவர் சொல்வதால் என் வார்த்தை இல்லாமல் போய்விடாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி நான் சொன்னது சொன்னதுதான்.

"சாயந்திரம் வரைக்கும் ஒண்ணுமில்லன்னு நானும் சொல்லியிருக்கக் கூடாது அண்ணே. படத்துல அது இல்ல."

"சவத்த விடு" என்றார். பிறகு, "அடுத்த வாரம் மெஷின் வருது. லீவு போட முடியுமா?" என்று கேட்டார்.

போட்டேன். அறுப்பு நாள் அன்று பொழுது விடிந்ததும் போய் நின்றேன். மெஷின் இறங்கும் முன் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"மழை வருமா?"

"தெரியாது."

"செரி" என்றார். வீட்டுக்குள் போய் இரண்டு பெரிய தார்ப்பாய்களை இழுத்து வந்து களத்தின் ஓரத்தில் போட்டார். கனத்தால் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு முனையை நான் பிடித்தேன்.

பத்து மணிக்கெல்லாம் நெல் களத்துக்கு வந்துவிட்டது. பரப்பினோம். பதினொன்றரைக்குக் கிழக்கில் ஒரு மேகம் எழுந்தது. அவசர அவசரமாகக் குவித்து மூடினோம். அது எங்கோ போனது. திறந்து மறுபடி பரப்பினோம். ஒரு மணிக்கு மலைப் பக்கம் இருட்டியது. காற்றில் நான்கு சொட்டு விழுந்தது. மறுபடி குவித்து மூடினோம். தார்ப்பாய் காற்றில் உப்பித் தூக்கியது. ஆளுக்கொரு மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். மழை குற்றாலத்தோடு நின்றுவிட்டது. வெயில் அடித்தது. திறந்தோம்.

மதினி காப்பித் தூக்கோடு வந்தாள். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எத்தன மட்டந்தான் மூடித் தொறப்பிய? அண்ணனும் தம்பியும் ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவுக இல்ல." பிறகு முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். "குடிங்க கொழுந்தனாரே. மூஞ்சி எல்லாம் கறுத்துப் போச்சு."

என்னிடம் இரண்டு வருடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. நான் வாங்கிக் குடித்தேன். "சீனி கொஞ்சம் கம்மி மதினி" என்றேன். அவள் உள்ளே போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்தாள்.

மூன்று மணிக்கு மேல் நெல் ஓரளவு உலர்ந்துவிட்டது. அண்ணன் காலால் கோடு போட்ட மாதிரி நெல்லைக் கிண்டிக்கொண்டே நடந்தார். நான் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய் மேல், சுவர் நிழலில், சும்மா முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. யாரோ தோளைத் தொட்டு உலுக்கினார்கள்.

"ஏலே, எந்திரி. டிராக்டர் வந்துட்டு. மூட்டைய ஏத்தணும்."